கழற்றிய சிட்டியை மீண்டும் பூட்டலாமா?

கடந்த மாதம் என் தங்கையின் மகன் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வந்திருந்தான். மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவன், வயது இருபத்தாறு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர், குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, 'எந்திரன்' வரிசையில் மூன்றாவது படம் வருமா என்று பேச்சு எழுந்தது. வந்தே தீர வேண்டும் என்பது அவன் கட்சி. வராமலிருப்பதே அந்தப் படத்துக்குச் செய்யும் மரியாதை என்பது என் கட்சி. பேசி முடிக்க நள்ளிரவாகிவிட்டது. முடிவில் இருவருமே தத்தம் கட்சியிலிருந்து ஓரடி நகர்ந்திருந்தோம் என்பதால், அந்த விவாதத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்டச் சம்பளப் பேச்சுவார்த்தைகளையும் தேர்தல் முடிவுகளையும் எழுதிக் கழித்தவன் ரஜினிகாந்த் படமொன்றைப் பற்றி இத்தனை தீவிரமாக எழுதுவதா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். எங்கள் மலைகளுக்கும் விஞ்ஞானக் கற்பனைப் படத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. விண்வெளியிலிருந்து வந்தவர்கள் பூமியின் பாடகியைக் கடத்திச் செல்லும் 'கலை அரசி' 1963 இல் வெளிவந்தது. வேற்றுக் கோளில் கதாநாயகனாக உலவிய எம்.ஜி.ஆர்., நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்று மலையகத்தில் சிறுவனுக்கும் தெரியும். வேற்றுக் கோளுக்குப் போன முதல் தமிழன் நம் ஊர்க்காரன்தான் என்று என் தகப்பனார் பகடியாகச் சொல்வதுண்டு.

பகடி இருக்கட்டும். 'எந்திரன்' 2010 ஒக்டோபர் 1 ஆம் திகதி வெளியானது. ஷங்கர் இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை. வசனத்தில் சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி ஆகிய மூவரின் பெயர்கள் இருந்தன. அவர்களுள் சுஜாதா படத்தைப் பார்க்கவில்லை. 2008 பெப்ரவரி 27 ஆம் திகதி அவர் காலமாகிவிட்டார். வசீகரன் என்ற விஞ்ஞானி தன் சாயலிலேயே சிட்டி என்ற இயந்திர மனிதனை உருவாக்குகிறான். கட்டளையை மட்டும் அறிந்த சிட்டி, எரியும் கட்டடத்திலிருந்து குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. அவமானம் தாங்காத அவள் ஓடிப்போய் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். அறிவு மட்டும் போதாது, உணர்ச்சியும் வேண்டும் என்று வசீகரன் அதற்கு உணர்ச்சியை ஊட்டுகிறான். உணர்ச்சி வந்ததும் அது காதலிக்கிறது. காதலித்ததும் கட்டளையை மீறுகிறது. மீறியதும் வெட்டித் துண்டாக்கப்பட்டுக் குப்பையில் வீசப்படுகிறது. போரா என்ற மற்றொரு விஞ்ஞானி அதை எடுத்துச் சிவப்புச் சில்லு ஒன்றைப் பொருத்தி அழிவு இயந்திரமாக்குகிறான். எல்லாம் முடிந்தபின் நீதிமன்றம் சிட்டியைக் கழற்றிவிடும்படி உத்தரவிடுகிறது. சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. பிறகு 2030 ஆம் ஆண்டு, ஓர் அருங்காட்சியகம். பாகங்களாகக் கிடக்கும் சிட்டியைப் பார்த்து ஏன் உன்னைக் கழற்றினார்கள் என்று பள்ளிச் சிறுமி ஒருத்தி கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதுதான் காரணம் என்ற பொருளில் அது பதில் சொல்கிறது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது படமாளிகையில் அன்று. 2011 இல், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், அம்மன் கோயில் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு. என் பெரியம்மாவின் தோட்டம் அது. முன்பெல்லாம் வாடகைக்கு எடுத்த டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வைத்துப் படம் போடுவார்கள். அந்த ஆண்டு இளைஞர்கள் காசு சேர்த்துப் புரொஜெக்டர் கொண்டுவந்து வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். பெரட்டுக்களத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம். பனி இறங்கியதில் திரை ஈரமாகி, ரஜினியின் முகம் இடையிடையே சுருங்கி விரிந்தது. பிள்ளைகள் விசிலடித்துத் தொண்டை கட்டிக்கொண்டார்கள்.

பெரியம்மா நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். சண்டைக் காட்சிகளில் தூங்கிவிட்டவர், கடைசிக் கட்டத்தில் விழித்துக்கொண்டார். படம் முடிந்து லயத்துக்கு நடந்துவரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, சொன்ன வேலையெல்லாம் செஞ்சானே. யோசிக்க ஆரம்பிச்சதும் கழட்டிப் போட்டுட்டாங்களே. நம்ம கத மாதிரியில்ல இருக்கு?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'ரோபோ' என்ற சொல்லின் பிறப்பைத் தேடிப் போனபோது பெரியம்மா சொன்னதன் கனம் புரிந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தில்தான் அச்சொல் முதலில் வருகிறது. அவருடைய சகோதரர் யோசெப் சொல்லிக் கொடுத்த சொல் அது. அதன் வேர், பண்ணையாருக்குக் குடிமக்கள் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோத்தா'. ஆகவே இரும்பும் மின்சுற்றும் அந்தச் சொல்லின் பிற்காலப் பொருள்கள். கட்டாயமாக உழைப்பவன் என்பதே அதன் ஆதிப் பொருள்.

எங்கள் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தமிழகத்தின் கிராமங்களிலிருந்து முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கணக்குப் புத்தகத்தில் கைகளாக இருந்தார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். அவ்வளவுதான் அவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள பேச்சு. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அந்தக் கைகள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பின. மறு ஆண்டே, 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. கைகளுக்கு மூளையும் இருக்கிறது என்று தெரிந்ததும் கழற்றிப் போட்டார்கள். 1964 இன் ஒப்பந்தமோ ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பாகம் பிரித்தது. ஒரே குடும்பத்தின் பாகங்கள் இரு கரைகளிலும் கிடந்தன. ஷங்கரோ சுஜாதாவோ எங்களை எண்ணி அந்தக் காட்சியை எழுதியிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நல்ல கதை, எழுதியவன் அறியாத வீட்டுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். அன்று பெரட்டுக்களத்தில் அது உட்கார்ந்தது.

இதனால்தான் அந்த முடிவைப் பெரிதாக எண்ணுகிறேன். சிட்டி தோற்கடிக்கப்பட்டு அழிக்கப்படவில்லை. கட்டளைக்குப் பணிந்து, ஆனால் முழு அறிவோடு, தன் விரல்களாலேயே தன்னைப் பிரித்துக்கொள்கிறது. கட்டளையை நிறைவேற்றும் இயந்திரமும் தியாகம் செய்யும் மனிதனும் அந்த ஒரு செயலில் ஒன்றாகிவிடுகிறார்கள். ஹொலிவூட்டில் இதற்கு மூத்த உறவுக்காரன் உண்டு. ஜேம்ஸ் கமரூனின் இரண்டாவது 'டெர்மினேட்டர்' (1991) படத்தில், எதிர்காலத்தைக் காப்பதற்காக இயந்திர மனிதன் உருகிய உலோகத்துள் தன்னை இறக்கச் செய்கிறான். அத்துடன் முடிந்திருக்க வேண்டிய கதையை 2003, 2009, 2015, 2019 என்று நான்கு முறை எழுப்பினார்கள். ஒவ்வொரு முறையும், முன்னர் தடுத்துவிட்டதாக நாம் நம்பிய அழிவு மறுபடியும் வந்து நிற்கிறது. அப்படியானால் அன்று உலோகத்துள் இறங்கியவன் எதற்காக இறங்கினான்? ஒரு படத்தை மீள எழுப்புவது புதிய கதையொன்றைச் சேர்ப்பது மட்டுமன்று. பழைய முடிவை இரத்துச் செய்வதுமாகும்.

'2.0' செய்ததும் அதுவே. 2018 நவம்பர் 29 ஆம் திகதி, லைக்கா நிறுவனத்தின் தயாரிப்பாக, முப்பரிமாணத்தில் வந்தது. ஐந்நூறு கோடி இந்திய ரூபாவுக்கு மேல் செலவென்று பேசிக்கொண்டார்கள். கொழும்பில் மருமகனோடு கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். கைத்தொலைபேசிகள் கூட்டமாக எழுந்து பெரும் பறவையாகும் காட்சியில் நானும் வாயைப் பிளந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிட்டி எப்படித் திரும்பி வந்தது? நகரத்துக்கு ஆபத்து, ஆகவே பாகங்களை எடுத்துப் பூட்டுங்கள். அவ்வளவுதான். தன்னைக் கழற்றிக்கொண்ட ஒருவன் மீண்டும் கண் விழிக்கும்போது என்ன நினைப்பான், அழைத்தவர்களைப் பார்த்து என்ன கேட்பான் என்ற எண்ணமே படத்தில் இல்லை. போதாததற்கு, முதற்படத்தில் எந்தச் சிவப்புச் சில்லு பாவமாகக் காட்டப்பட்டதோ அதே சில்லுதான் இரண்டாவது படத்தில் வெற்றிக்கு வழி. முதற்படத்தின் அறத்தையே தலைகீழாக்கிவிட்டு அதற்குக் கைதட்டல் வாங்கினார்கள்.

உண்மையில் அந்தப் படத்தில் சிந்திப்பவர் அக்‌ஷய் குமார் ஏற்ற பட்சிராஜன்தான். பறவைகளுக்காகத் துயருற்றுக் கைத்தொலைபேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்ளும் முதியவர். அவருக்குக் கேள்வி இருந்தது. சிட்டிக்குச் சண்டை மட்டுமே மிஞ்சியது. அந்தக் கேள்வியும் எங்கள் பக்கம் வந்தபோது வேறு விதமாகத் தலைகீழானது. 2020, 2021 பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போயின. கோபுரத்தின் சமிக்ஞை எட்டாத தோட்டங்களின் பிள்ளைகள் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி நாலைந்து பேராக மலையுச்சி தேடி ஏறினார்கள். கோபுரமே எமன் என்று சொன்ன படத்துக்கு விசிலடித்த பிள்ளைகள், கோபுரம் ஒன்று வராதா என்று ஏங்கிய காலம் அது. தொழில்நுட்பம் யாருக்கு அதிகம், யாருக்கு இல்லை என்று கேட்டிருந்தால் அந்தப் படம் எங்கள் மலைக்கும் உரியதாகியிருக்கும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை மருமகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "மாமா, நீங்க படத்தப் பாக்குறீங்க. நான் பாத்தது சிட்டிய. எனக்கு அப்ப பதினொரு வயசு. ரோபோன்னா இங்கிலீஷ்தான் பேசும்னு நெனச்சிருந்தேன். தமிழ் பேசுற ரோபோவ அன்னக்கித்தான் பாத்தேன். கம்ப்யூட்டர் படிக்கணும்னு வீட்ல சொன்னது அதுக்கப்புறந்தான்."

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பெரியம்மா உட்கார்ந்திருந்த அதே சாக்கில்தான் அவனும் அன்றிரவு உட்கார்ந்திருந்தான். அவர் அந்தப் படத்தில் கழிந்துபோன வாழ்க்கையைக் கண்டார். அவன் வரப்போகும் வாழ்க்கையைக் கண்டான். வசீகரன் தமிழ் பேசும் விஞ்ஞானி என்பது எனக்குச் சிறு விவரம். லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தாயின் மகனுக்கு அது சிறு விவரமன்று. அடுத்து வரும் பதினொரு வயதுக்காரனுக்கும் அப்படியொரு படம் வேண்டாமா என்று அவன் கேட்பது நியாயம். ரசிகனின் ஆசையை வெறும் பழைய நினைவின் போதை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஆசைக்கும் ஐயத்துக்கும் நடுவில் நிற்கும் ஒருவரை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். அவர் எழுத்தாளர். ரசிகர்களின் கவலையெல்லாம் ரஜினிகாந்தின் வயதைப் பற்றியது. 1950 இல் பிறந்தவரால் இனி ஆட முடியுமா, சண்டையிட முடியுமா என்கிறார்கள். கணினி வரைகலை வளர்ந்துவிட்ட காலத்தில் முகத்தை இளமையாக்குவது பெரிய காரியமன்று. இயந்திரத்துக்குள் மனதை வைப்பதுதான் பெரிய காரியம். சுஜாதா அதை 1980களிலேயே செய்து காட்டினார். ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குத் தமிழ் வாசகர்கள் கொடுத்த இடம் மனிதப் பாத்திரங்களுக்கும் கிடைத்ததில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தருகே ஒரு கடையில் பழைய விகடன்களை அரை விலைக்கு வாங்கி, இடையிடையே அத்தியாயங்கள் விட்டுப்போக, அந்தக் கதையை நான் படித்தேன். பின்னர் 'மீண்டும் ஜீனோ' வந்தது. அதுவும் ஒரு மீள்வருகைதான். ஆனால் ஜீனோ என்ன நினைக்கும் என்று அறிந்தவரே அதை மீட்டுக்கொண்டு வந்தார்.

அவரில்லாத '2.0'வில் ஜெயமோகன் போன்ற வலுவான எழுத்தாளர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே குறை தனிமனிதர் ஒருவருடையது அன்று. காட்சியை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கு வசனம் கேட்கும் முறையில், எந்த எழுத்தாளர் வந்தாலும் சிட்டி வாய் திறந்து சிந்திக்க இடமிராது என்பது என் எண்ணம். சுஜாதா வசனமெழுதிய 'இந்தியன்' (1996) படத்தின் தொடர்ச்சியாக 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' க்கு நேர்ந்த கதியும் இதையே சொல்கிறது. சேனாபதி திரும்பி வந்தார். அவர் ஏன் திரும்பி வர வேண்டும் என்பதற்கான காரணம் மட்டும் வரவில்லை.

மீள எழுப்புவதே தவறு என்று நான் வாதிடவில்லை. சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் நடித்து 1986 இல் வந்த 'விக்ரம்', ஏவுகணையும் கற்பனை நாடுமாக அந்தக் காலத்துக்கு மீறிய ஆசைகளோடு வந்து, பெரிய வரவேற்பின்றிப் போன படம். அதே ஆண்டில் பிறந்த லோகேஷ் கனகராஜ், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெயரையும் அந்த உளவாளியையும் மட்டும் எடுத்துக்கொண்டார். ஏவுகணையைக் கைவிட்டார், உளவாளியை வயதாக்கினார், மகனை இழந்த தகப்பனாக்கினார். கழிந்த காலத்தை மறைக்காமல் கதையின் உள்ளேயே வைத்ததால் 2022 இல் படம் வென்றது. 'பிளேட் ரன்னர்' (1982) படத்தின் தொடர்ச்சி 2017 இல் வந்தபோது, முதற்படத்தை எழுதியவர்களுள் ஒருவரான ஹாம்ப்டன் ஃபான்ச்சர் அதிலும் இருந்தார். பழைய கேள்வியை மறுபடி கேட்காமல் அதிலிருந்து அடுத்த கேள்வியைப் பிறப்பித்தார்கள். வசூலில் அது ஏமாற்றமே. ஆயினும் இன்றும் மதிப்போடு பேசப்படுகிறது.

இனி, இன்றைய நிலைமைக்கு வருவோம். 2010 இல் சிட்டியின் சிந்தனை வெறும் கற்பனை. 2022 இன் இறுதியில் ChatGPT பொதுப் பாவனைக்கு வந்தபின் அது அன்றாடப் பேச்சாகிவிட்டது. கேட்டதற்குத் தமிழில் பதில் எழுதும் இயந்திரம் இன்று மருமகனின் கைத்தொலைபேசியில் இருக்கிறது; அவனுடைய வேலையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டும்விட்டது. செய்தி ஆசிரியர் மேசைகளுக்கும் வந்துவிட்டது. வேலையிழக்கப் போகிறவர் யார், அது சிந்திக்கிறதா அல்லது சிந்திப்பதுபோல் பேசுகிறதா, தவறினால் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விகள் எல்லாம் வாசலில் நிற்கின்றன. முதற்படத்தின் நீதிமன்றக் காட்சியை இன்று எழுதினால் எவ்வளவு எழுதலாம்! இந்த நேரத்தில் மூன்றாவது படமொன்று வந்து, புறாவின் முதுகில் ஏறிப் பறக்கும் குட்டி ரோபோக்களை மட்டும் மறுபடி காட்டிவிட்டுப் போனால், அதைவிடப் பெரிய வீண் வேறில்லை.

ஆகவே நள்ளிரவில் நாங்கள் வந்து சேர்ந்த உடன்பாடு இது. படம் வரட்டும், ஆனால் சிட்டியைப் பூட்டுகிறவர்கள் முதலில் அதனிடம் மன்னிப்புக் கேட்கட்டும். கழற்றச் சொன்னோம், கழற்றிக்கொண்டாய், எங்களுக்குத் தேவை வந்ததும் கேட்காமலே பூட்டினோம் என்று ஒப்புக்கொள்ளட்டும். மீண்டும் எழுந்திருக்க உனக்குச் சம்மதமா என்று கேட்கட்டும். 'முடியாது' என்று அது சொன்னால் என்ன ஆகும் என்பதிலிருந்து கதை தொடங்கட்டும். அப்படியொரு படத்துக்கு ஐந்நூறு கோடி வேண்டியதில்லை. ஆறு மாதம் தனியே உட்கார்ந்து எழுதுவதற்கு விடப்பட்ட ஓர் எழுத்தாளர் போதும். அது இயலாதென்றால், பாகங்கள் அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும். அடுத்த பதினொரு வயதுக்காரனுக்குத் தமிழ் பேசும் வேறோர் இயந்திரத்தைப் புதிதாகச் செய்துகொடுப்போம். மருமகன் இந்தக் கடைசிப் பகுதியை அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டான்.

படத்தில் அந்தச் சிறுமி அருங்காட்சியகத்துக்கு வருவது 2030 இல். அது தொலைவில் இல்லை. பெரியம்மா இன்று இல்லை. ஓய்வூதியமாகக் கைக்கு வந்த சிறு தொகையில் வாங்கிய தோட்டுடன் 2016 இல் போய்ச் சேர்ந்தார். சிறுமி கேட்ட கேள்வியையும் அவர் கேட்ட கேள்வியையும் நான் இப்போது ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறேன். யோசிக்க ஆரம்பித்தவனைக் கழற்றிப் போடுவது ஏன்? மூன்றாவது படம் இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்பதில்லை. கேள்வியை மறக்காமலிருந்தால் போதும். முதல் நாளே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய் நானும் விசிலடிக்கத் தயார்.